தொட்டிச் சுவரில் நீட்டிய கால்

1966-ஆம் வருஷம் மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். மாசி முடிகிற நேரம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. காற்றும் இல்லை, கிணற்றுத் தொட்டியின் தண்ணீரில் ஒரு சுருக்கம் விழவில்லை. வெயில் பனைமரங்களுக்கு மேல் ஏறி வந்து என் முதுகைச் சுட்டது.

மணி எப்படித் தெரியும் என்பீர்கள். எட்டு மணி பஸ் ஊர் முனையில் ஹாரன் அடித்துவிட்டுக் கடத்தூருக்குப் போயிருந்தது. அதிலிருந்து நான் அறுநூறு எண்ணியிருந்தேன். எண்ணாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. அன்றும் ஓடாது, இன்றும் ஓடாது.

எனக்கு வயது பதினொன்று. கையில் சித்தப்பாவின் பெட்டிக் கேமரா. எதிரே தொட்டிச் சுவரின்மேல் என் அக்கா, இரண்டு காலையும் சுவரின் நீளத்துக்கு நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது. கேமராவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம்.

என் வயசுக்காரர்களே, நாலு பேர் கூடினால் நீங்கள் "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று ஆரம்பிக்கிறீர்கள். நான் எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் கிணற்றில் கரண்டு மோட்டார் இருந்தது, வீட்டுக்குள் ஒரு பல்பு கிடையாது. பொய் தாராளமாக இருந்தது. அதற்கு மானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் எழுதப் போவது தை தொடங்கிப் பங்குனி வரை நடந்த ஒரே ஒரு காரியம். அந்த மூன்று மாதத்தில்தான் ஒரு படத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று படித்தேன். எழுதப் படித்ததும் அப்போதுதான். பள்ளிக்கூடத்தில் அதற்கு முன் ஐந்து வருஷம் படித்தது வெறும் எழுத்து.

அக்காவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிவிட்டது. வலது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. ஸ்கேல் வைத்து நானே அளந்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே அளக்க விட்டாள். நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வாள். குடம் எடுப்பாள், கடலைக்காய் பிடுங்குவாள், கேழ்வரகு அறுப்பாள். ஊரில் அவளை நொண்டிப் பாப்பா என்றார்கள். எதிரிலேயே யாராவது சொல்லிவிட்டால், "ஆமாங்க, சொல்லுங்க, என்னா வேலை?" என்பாள். சொன்னவர்தான் நெளிவார்.

கேமரா வந்தது தைப் பொங்கலுக்கு. சித்தப்பா சேலத்துக்கும் பெங்களூருக்கும் லாரி ஓட்டினார். பெங்களூரில் யாரிடமோ பழையதாக வாங்கியது. கறுப்புத் தகரப் பெட்டி, பக்கத்தில் படம் எடுக்கத் தட்டுகிற ஒரு நெம்பு, பின்னால் ஒரு சிவப்புத் துளை. அதில் படத்தின் எண் தெரியும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்.

"தொப்பூர் கணவாயில ஒரு கையில ஸ்டேரிங்கு, ஒரு கையில இந்தப் பொட்டி," என்றார் சித்தப்பா. "மலைய எடுத்தேன் பாப்பா. கழுவிக் கொண்டாந்தா பாதி மலை, பாதி என் கட்டவெரலு."

"கட்டவெரலு நல்லா வந்துச்சுங்களா?" என்றாள் அக்கா.

"அதுதான் மலையவிட நல்லா வந்துச்சு!"

அவர் போன பிறகு கேமரா எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டது. பெட்டியின் தலையில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடி. வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக் குனிந்து பார்த்தால் எதிரே இருப்பது குட்டியாக, பளிச்சென்று தெரியும். ஆனால் இடம் வலமாக, வலம் இடமாக இருக்கும். முதலில் எனக்கு இது புரியவில்லை. மாடும் மரமும் திரும்பி நின்றாலும் மாடும் மரமும்தான். பஞ்சாயத்துப் பள்ளியின் பெயர்ப் பலகையைப் பார்த்தபோதுதான் திடுக்கென்றது. எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு பின்னாலிருந்து ஓடியது. மாட்டைத் திருப்பினால் யாருக்கும் தெரியாது. எழுத்தைத் திருப்பினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். இதை அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள்.

பழகுவதற்கு ஒரு ரோல் செலவழிக்க வழி கிடையாது. என் உடைந்த சிலேட்டில் மிச்சமிருந்த பலகையைத் தட்டி எடுத்துவிட்டு, மரச்சட்டத்தை மட்டும் அக்கா வைத்துக்கொண்டாள். கையை நீட்டிப் பிடித்தால் கொஞ்சம்தான் தெரியும், முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் ஊரே தெரியும். மாடு கட்டும் இடத்தில் நின்றுகொண்டு அதை என் கையில் கொடுத்து, கண்ணுக்கு நேரே பிடிக்கச் சொல்வாள்.

"என்னா தெரியுது?"

"மாடு, வைக்கப்போரு, அம்மா, ஒரு காக்கா, முருங்க மரம், அப்பறம் வானம்..."

"நிறுத்துடா. சந்தைக்கு சாமான் எழுதறியா? ஆறு வார்த்தைக்கு மேல போனா சட்டத்தப் புடுங்கிக்குவேன்."

யோசித்துச் சொன்னேன். "அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டுது."

"நாலுதான். காக்கா எங்க?"

"விட்டுட்டேன்."

"வானம்?"

"அதயும் விட்டுட்டேன்."

"அப்ப சட்டத்தக் கீழ எறக்கு. விட்டதயெல்லாம் எதுக்கு உள்ள வெச்சிக்கினு நிக்கற?"

சட்டத்தை இறக்கினேன். வானம் போயிற்று, காக்கை போயிற்று. அம்மாவின் கையும் வாளியும் மாட்டின் மூக்கும் மட்டும் நின்றன. அதுவரை அம்மாவின் கைக்காப்பு வாளி விளிம்பில் உரசித் தேய்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை.

பாடம் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். அவளுக்கும் எதுவும் தெரியாது. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். என்னைப் போலவே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். பாதி நாள் சட்டம் அவள் கையில் இருக்கும், அவள் சொல்வாள். அவள் ஏழு வார்த்தை சொன்னால் நான் பிடுங்கிக்கொள்வேன்.

இதனால் பள்ளிக்கூடத்தில் எனக்கு நஷ்டம். "எங்கள் ஊர்" என்று கட்டுரை எழுதச் சொன்னார் தமிழாசிரியர். எல்லோரும் "எங்கள் ஊர் மிகவும் அழகான ஊர்" என்று ஆரம்பித்தார்கள். நான் சட்டத்துக்குள் பார்த்ததை எழுதினேன்: ஒரு வாளி, ஒரு கை, ஒரு காப்பு, குடித்து முடித்த மாடு மூக்கைத் தூக்கும்போது சொட்டுகிற தண்ணீர். பத்து வரி. ஆசிரியர் பத்துக்கு மூன்று போட்டு, "முன்னுரை எங்கே? முடிவுரை எங்கே? ஊர் எங்கே?" என்று சிவப்பு மையில் மூன்று கேள்வி கேட்டிருந்தார். ஒரு கேள்விக்கு ஒரு மார்க் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். ஊர் அந்த வாளிக்குள் இருந்தது ஐயா. இன்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அந்தத் தை மாதத்தில் அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பெண்ணின் போட்டோவும் விவரமும் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார். அப்பா எங்களைக் கூப்பிட்டார்.

"ஸ்டுடியோவுக்கு எதுக்கு தண்டம்? நம்மூட்டுலயேதான் பொட்டி இருக்குதே. இடுப்புக்கு மேல எடுங்க, போதும்."

நாங்கள் முழு உருவமாக எடுத்தோம். அக்கா கதவோரம் நின்றாள், பாதம் வரை தெரிய. ரோலைச் சித்தப்பா தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவி வாங்கி வந்தார். படத்தைப் பிரித்தோம். முகமும் தோளும் பெரிதாக இருந்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

சித்தப்பா ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார். "ஸ்டுடியோ வெச்சிருக்கற பாய் சொன்னாரு, 'பொண்ணு பாக்கற போட்டோனு சொன்னீங்க, காலு லேசாக் கோணலாத் தெரிஞ்சிச்சி, அத எடுத்துட்டு மூஞ்சியப் பெருசாப் போட்டிருக்கேன், அதுக்குத் தனியா காசு வேணாம்'னு. நல்ல மனுசன் பாப்பா."

"எல்லாருமே நல்ல மனுசங்கதாங்க சித்தப்பா," என்றாள் அக்கா. "அதான் என் காலக் காணோம்."

அப்பாவுக்குப் படம் பிடித்துவிட்டது. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர் அவர். வீட்டுக் கடிதங்களை எழுதுவதும் படிப்பதும் என் வேலை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எத்தனை ஆள் மட்டம், பெண் எட்டாவது வரை படித்தவள், அடக்கமானவள், வீட்டு வேலை காட்டு வேலை எல்லாம் தெரிந்தவள். இருபத்தொரு வரி ஆயிற்று.

"காலப் பத்தி எழுதட்டுங்களா அப்பா?" என்று கேட்டேன்.

"டேய், அதெல்லாம் நேர்ல பேசிக்கறது. காயிதத்துல எழுதற சமாச்சாரமா அது?"

படத்தை உறைக்குள் வைத்தேன், மடித்த கடிதத்தை அதன்மேல் வைத்தேன். இரண்டும் ஒரே இடத்தில் வெட்டப்பட்டிருந்தன. பதினொரு வயதில் இதை இப்படிச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உறையை ஒட்டும்போது பசையில் நாக்கு வைக்கப் பிடிக்கவில்லை; சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.

மாசியில் பதில் வந்தது. பெண் பிடித்திருக்கிறது, தீர்த்தமலைக்குச் சாமி கும்பிட வருகிறோம், பெண்ணையும் அங்கே அழைத்து வாருங்கள், கோயிலிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் படித்து முடித்ததும் அப்பாவின் முகம் கறுத்தது. மலைப்படி. அக்கா அதுவரை இரண்டு முறை அந்த மலை ஏறியிருக்கிறாள், எனக்கு முன்னால் ஏறியவள். ஏறுவது அப்பாவுக்குப் பயமில்லை. ஏறுவதைப் பின்னாலிருந்து அவர்கள் பார்ப்பார்களே, அதுதான் பயம்.

"சித்திரையில வூட்டுக்கே வந்துடுங்கனு எழுது," என்றார்.

பிறகு ஏற்பாடு தயாரானது. அவர்கள் வருவதற்கு முன்பே ஜமக்காளம் விரித்து அக்காவை உட்காரவைத்துவிடுவது. காப்பித் தட்டை அம்மா கொண்டுவருவது. பெண் எழுந்திரிக்கும் முன் வந்தவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட வேண்டும். அப்பா இதைச் சொன்னபோது அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்:

"உக்கார வெச்சே தாலி கட்டிப்புடலாங்க. உக்கார வெச்சே குடும்பம் நடத்த முடியுங்களா?"

"அப்பறம் பாத்துக்கலாம் வுடு. தாலி ஏறிட்டா எல்லாம் சரியாப் போவும்."

சரியாகப் போகாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊரில் ஒரு பெண்ணுக்குக் காது கேட்காததை மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். நாற்பதாவது நாள் ஒரு தகரப் பெட்டியோடு அவளை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கடத்தூரில் அவள் இறங்கியதை அக்கா பார்த்திருக்கிறாள். "பொட்டிய யாரும் வாங்கலடா," என்று மட்டும் என்னிடம் சொன்னாள். சித்திரையில் அவர்கள் வருவதற்குள் உண்மை அங்கே போய்ச் சேர வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"இன்னொரு போட்டோ எடுக்கணும்," என்றாள். "யாரும் வெட்ட முடியாதபடி."

சித்தப்பா அடுத்த முறை வந்தபோது கேமராவில் புது ரோல் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது பதினொரு படம் தீர்ந்திருந்தது. எல்லாம் தொப்பூர் சாப்பாட்டுக் கடையில் டிரைவர்களும் கிளீனர்களும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றவை.

"ஒண்ணுதான் மிச்சம் பாப்பா. கண்ண மூடிடாத."

ஒரே ஒரு படம். அக்கா பத்து நாள் சிலேட்டுச் சட்டத்தோடு காட்டைச் சுற்றினாள். நின்றால் இடுப்பில் வெட்டுவார்கள். உட்கார்ந்தால் முழங்காலில் வெட்டுவார்கள். "நாம எப்படி எடுக்கறதுனு யோசிக்கக் கூடாதுடா, அவங்க எங்க வெட்டுவாங்கனு யோசிக்கணும்," என்றாள். எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாக்கியம் நான் எங்கும் படித்ததில்லை.

பதினோராம் நாள் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டாள். எங்கள் கிணற்றடியில் மோட்டார் தண்ணீர் விழுகிற தொட்டிக்கு ஐந்து அடி நீளச் சுவர். கட்டியபோது கொத்தனார் அதன் வெளிப்பக்கத்தில் அப்பாவின் பெயரை இனிஷியலோடு சிமெண்டில் புடைப்பாக எழுதியிருந்தார். ஒரு எழுத்து ஒரு சாண் உயரம். சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பெயர் ஓடியது.

"இது மேல கால நீட்டி உக்காந்தா?" என்றாள்.

எனக்கு உடனே புரிந்தது. அவள் காலை வெட்டினால் அப்பாவின் பெயரும் பாதியில் வெட்டுப்படும். உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனின் பெயரைப் பாதியில் அறுக்க எங்கள் பக்கத்தில் எவனும் துணிய மாட்டான். கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பெயரில் மடிப்பு விழாமல் மடிக்கிறவர்கள். பெயரே படத்துக்கு வேலியாகிவிடும்.

"மூஞ்சி எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். இனிஷியல் பக்கம் முகம் இருக்கும் என்று நினைத்தேன்.

"கால் அந்தப் பக்கம். படிக்கறவன் கண்ணு எழுத்து கூடத்தானே போவும்? மொதல்ல காலப் பாக்கட்டும். பாத்துட்டு, பேரு முழுசும் படிச்சிட்டு, அப்பறம் மூஞ்சிக்கு வரட்டும். புடிச்சா வரட்டும், இல்லாட்டி அங்கியே நிக்கட்டும்."

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா சந்தைக்குப் போயிருந்தார். அக்கா சுங்குடிச் சேலை கட்டி, கொலுசு இல்லாத இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தாள். குனிந்து கண்ணாடியில் பார்த்தேன். கால் வலது பக்கம் இருந்தது.

"அக்கா, தப்பு! திரும்பி உக்காரு!"

அவள் எழுந்து, சாய்ந்து நடந்து, மறு முனைக்குக் காலை நீட்டினாள். இப்போது கண்ணாடியில் கால் இடது பக்கம் வந்தது. ஆனால் இனிஷியல் எதிர் முனையில் நின்றது, எழுத்தெல்லாம் பின்னாலிருந்து ஓடியது.

"அட மக்கு, கண்ணாடிதான் திருப்பிக் காட்டுதுனு நீதானடா சொன்ன! இனிஷியல் எங்க இருக்குதோ அங்க காலு. எழுத்தப் பாத்து எடு, என்னப் பாக்காத."

மறுபடி எழுந்தாள், மறுபடி திரும்பி உட்கார்ந்தாள். சூம்பிய கால் என் பக்கம் இருந்தது, வலது பாதத்துக்கு ஒன்றரை அங்குலம் முன்பே முடிந்தது. அவள் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. நேரே பார்த்தாள். பெயரின் முதல் புள்ளியும் கடைசி எழுத்தும் உள்ளே இருக்கின்றனவா என்று மூன்று முறை எண்ணினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பைத் தட்டினேன்.

சித்தப்பா ரோலைக் கழுவி வாங்கிவந்து படத்தை எங்கள் கையில் கொடுத்தார். பாய் அதை வெட்டவில்லை. "ஓரமெல்லாம் அப்படியே வுட்டுட்டேன். பேரு இருக்குது பாருங்க, அத அறுத்தா நமக்கு ஆவாது," என்றாராம். அக்கா கணித்தது அப்படியே நடந்தது.

அடுத்தது கடிதம். அக்கா சொல்ல நான் எழுதினேன். காலைப் பற்றிய வரியை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் சண்டை. கடைசியில் வைக்கலாம் என்றேன். "கடைசியில வெச்சா வெக்கப்பட்டுச் சொன்ன மாதிரி இருக்கும்." நிலத்துக்கும் படிப்புக்கும் நடுவில் வைக்கலாம் என்றேன். "நடுவுல வெச்சா ஒளிச்ச மாதிரி இருக்கும். படத்துல எங்க இருக்குதோ காயிதத்துலயும் அங்கியே வையி. மொத வரி."

முடித்தபோது ஏழு வரி இருந்தது. எனக்கு இன்றும் மனப்பாடம்:

"என் இடது கால் மூன்று வயதில் காய்ச்சலில் சூம்பியது. இத்துடன் உள்ள படத்தில் இருப்பது நான். முன்பு அனுப்பிய படத்தில் கால் இல்லை. அது படத்தின் குறை. நடப்பேன், எல்லா வேலையும் செய்வேன், தீர்த்தமலை ஏறியிருக்கிறேன். சம்மதம் என்றால் வாருங்கள். வந்தால் காப்பியை நானே நடந்து கொண்டுவந்து தருவேன்."

கடத்தூர் தபால் பெட்டியில் நான்தான் போட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

பங்குனியில் பதில் வந்தது. தபால்காரர் அப்பாவின் கையிலேயே கொடுத்துவிட்டார். அப்பா உறையைக் கிழித்தார். படம் கீழே விழுந்தது, கவிழ்ந்தபடி. அதை எடுக்காமல் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "படி."

நான் நினைத்திருந்தால் வேறு எதையாவது படித்திருக்கலாம். ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு மடித்திருக்கலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை. அடுப்படி வாசலில் அக்கா நின்றாள். என்னைப் பார்த்து ஒரு தரம் தலையை அசைத்தாள், படி என்று.

படித்தேன். "பெண்ணுக்குக் கால் ஊனம் என்பதை நீங்கள் மறைத்தது எங்களுக்கு வருத்தம். ஆனாலும் பெண்ணே உண்மையை எழுதிவிட்டபடியால் அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் குடும்பத்திலும் ஊனமானவர் உண்டு. ஆனால் பெற்ற தகப்பன் பெயர்மேல், அதுவும் இனிஷியல்மேல், காலை நீட்டிப் படம் பிடித்துக்கொள்கிற பெண் எங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்."

கவனியுங்கள். வீடே நடுங்கிய அந்தக் கால் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நாங்கள் வேலி என்று நினைத்த பெயர்தான் அவர்கள் காலில் குத்தியது. காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பத்து நாள் ஓரத்தையே பார்த்ததில் இந்த ஒன்று எங்கள் கண்ணில் படவில்லை. எழுதுகிறவன் ஒன்று எழுத, படிக்கிறவன் ஒன்று படிப்பான் என்பதை அன்று, அந்த வாசலில் கற்றுக்கொண்டேன்.

அப்பா குனிந்து படத்தை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவரால் படிக்க முடிந்த ஒரே வார்த்தை அந்தப் படத்துக்குள் இருந்தது.

"யாருடா எடுத்தது?"

"நாந்தாங்கப்பா."

"காயிதம்?"

"நாந்தான்."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. அக்கா சாய்ந்து சாய்ந்து ஓடி வந்து நடுவில் நின்றாள். "நாஞ்சொல்லித்தான் எழுதனான். அடிக்கறதா இருந்தா என்ன அடிங்க."

அப்பா அவளை அடிக்கவில்லை. அரூர் இருக்கிற திசையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"எம் பேரு மேல எம் புள்ள கால நீட்டனா அவனுக்கு எங்கடா நோவுது? இந்தக் கால மூணு வயசுல தோள்ல போட்டுக்கினு சேலம் ஆஸ்பத்திரிக்கு ஓடுனவன் நானு. எம் மூஞ்சியிலயே எத்தன தடவ ஒதச்சிருக்கா! சிமிட்டி எழுத்துக்கு வலிக்குதாமா? பேரு என்னுது, புள்ள என்னுது. போடா வேலையப் பாத்துக்கினு!"

அடுப்படியிலிருந்து அம்மா, "இத மொதக் காயிதத்துலயே எழுதியிருக்கலாமுங்க," என்றாள்.

சொந்தக்காரர்கள் வந்து, பெயரைக் கொத்தி எடு, தொட்டியில் மஞ்சள் தண்ணீர் தெளி என்றெல்லாம் சொன்னார்கள். அப்பா எதையும் செய்யவில்லை. அதற்காக அவர் மாறிவிட்டார் என்று எழுதினால் அது நானும் வெட்டி ஒட்டிய படமாகிவிடும். அடுத்த சம்பந்தம் வந்தபோது மறுபடி "இடுப்புக்கு மேல" என்றுதான் ஆரம்பித்தார். அக்கா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'ஐயோ பாவம்' என்று சொல்லத் தயாராகும் வாயைத் தயவுசெய்து மூடிக்கொள்ளுங்கள். கடத்தூரில் தையல் மிஷின் போட்டாள். ஒற்றைக் காலால் மிதித்தே முப்பத்தேழு வருஷம் தைத்தாள். என்னைக் கல்லூரியில் படிக்கவைத்த பணத்தில் பாதி அந்த மிஷினிலிருந்து வந்தது. கேமராவைச் சித்தப்பா ஒரு டயருக்கு விற்றுவிட்டார். சிலேட்டுச் சட்டம் ஒரு மழைநாளில் அடுப்புக்குப் போயிற்று. நான் நாற்பது வருஷம் ஆபீசில் குறிப்பு எழுதினேன். சங்கடமான விஷயத்தை முதல் வரியில் வைக்கிறவன் என்று மூன்று அதிகாரிகளிடம் கெட்ட பெயர் வாங்கினேன். அதில் எனக்குப் பெருமைதான்.

ஒரே ஒரு கேள்வி மட்டும் அரித்துக்கொண்டிருந்தது. அன்று சும்மா நின்றபடி எடுத்து, பாயிடம் வெட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தால், அந்தச் சம்பந்தம் முடிந்திருக்குமே? போன வருஷம் அக்காவிடம் கேட்டே விட்டேன். எழுபத்தெட்டு வயதில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிருக்கும்," என்றாள். "அப்பறம் அந்த வூட்டுல எந்தெந்தச் செவுத்துல யாரு பேரு இருக்குதுனு பாத்துப் பாத்து நடந்திருப்பேன். போடா, வேற வேலை இல்ல உனக்கு."

நம் ஓய்வூதியர் சங்க ஆண்டு மலருக்கு இந்தக் குறிப்பை இதுவரை எழுதி, படத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். மலர்க்குழுவில் இருக்கும் நண்பர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், போனில் கூப்பிட்டார்.

"கட்டுரை நல்லா இருக்குதுங்க. படம்தான்... கால நீட்டிக்கினு இருக்கறது மலர்ல அவ்வளவு நல்லா இருக்காதுங்க. மூஞ்சிய மட்டும் வட்டமா வெட்டிப் போட்டுக்கலாங்களா?"

"கட்டுரையப் படிச்சீங்களா, இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"படிச்சேங்க. அதான் சொல்றேன், உருக்கமா இருக்குது. ஆனா எல்லாருக்கும் பாஸ்போர்ட் சைஸ் எடம்தான் ஒதுக்கியிருக்குது. முழுப் பக்கம்னா அது வெளம்பரக் கணக்குல போயிடுங்க."

விளம்பரக் கணக்கிலேயே போகட்டும் என்று சொன்னேன். எதிர்ப் பக்கத்தில் ஒரு உரக்கடை விளம்பரம் வருகிறது. இந்தப் பக்கத்தில் என் அக்கா வருகிறாள், பாதத்திலிருந்து நெற்றி வரை, அப்பாவின் இனிஷியலிலிருந்து கடைசி எழுத்து வரை. கீழே ஒரு வரி விளக்கம்கூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முழுப் பக்கத்துக்கு ஐயாயிரம், தருமபுரியில் படத்தை ஸ்கேன் செய்ய எண்பது, பஸ்ஸுக்குப் போக வர நாற்பத்து நான்கு. ஆக மொத்தம் ஐயாயிரத்து நூற்று இருபத்து நான்கு ரூபாய்.